உப்பளக் கரையில் அவள் போட்ட கோடு

என்னோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவள் எனக்கு எதிர் மேஜைக்கு வேலைக்கு வந்தபோது, சந்தோஷம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் முதல் நாளே வயிறு எரிந்தது.

தூத்துக்குடியில் எங்களுடையது ஊர்களுக்குத் திட்டம் வரைந்து கொடுக்கும் சின்ன அலுவலகம். இங்கிருந்து திருச்செந்தூர் வரை, நடுவிலுள்ள ஊர்களையெல்லாம் சேர்த்து, இருபக்கமும் மரம் வைத்து ஒரு சைக்கிள் பாதை. அந்த வேலையை ஒரு வருஷமாக நான் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையை ஒட்டியே கோடு போட்டிருந்தேன். கணினித் திரையில் பார்க்க அழகாக இருந்தது.

மூன்றாவது வாரம் அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏளா, இதுல யாரு போவா?"

"எல்லாரும்தான்."

"லாரி உரசிட்டுப் போற ரோட்டுலயா? எங்க ஊரு ஆலந்தலையில இருந்து ஒரு பிள்ளையக்கூட அனுப்ப மாட்டாங்க."

மறுநாள் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, உப்பள வேலைக்குப் போகும் பெண்களோடு விடியற்காலையில் கிளம்பிவிட்டாள். நாலு நாள் போனாள். முகம் கறுத்து, சுடிதார் ஓரமெல்லாம் உப்புப் பூத்துத் திரும்பி வந்தாள். அந்தப் பெண்கள் நெடுஞ்சாலைப் பக்கமே போவதில்லை, உப்புப் பாத்திகளுக்கு நடுவே ஓடும் கரையில்தான் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே எதிர்க்காற்று அடிக்கும், எங்கே நாய் துரத்தும், எந்த இடத்தில் குடிதண்ணீர் வேண்டும், எல்லாம் சொல்லியிருந்தார்கள். அதே பெண்களிடம் நான் கருத்துக் கேட்கும் படிவத்தோடு போய் நின்றிருக்கிறேன். "நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நான் டீச்சர் இல்லை. நாசரேத்தில் என் அம்மாதான் டீச்சர். அவளை மட்டும் நாலே நாளில் மதினி என்று உறவு சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

முதலாளி அவளுடைய பாதையைத் தேர்ந்தெடுத்தார். வரைபடமாக்கும் வேலையை என்னிடம் தந்தார். "ஒங்க கைதான் சுத்தமா இருக்கும்" என்றார். அந்தப் பாராட்டை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வரையும்போதுதான் கவனித்தேன். பழையகாயலுக்கு முன்னால் ஒரு மதகைத் தாண்டி அவள் கோடு போகிறது. அந்த இடம் எனக்குத் தெரியும். முந்தின ஐப்பசியில் அளவெடுக்கப் போனபோது கரையை அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓடியது. என் செருப்பு ஒன்று அதில்தான் போனது. அன்று எடுத்த படம் போனிலேயே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கோட்டைச் சுத்தமாக வரைந்து கொடுத்தேன்.

அதிகாரிகள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "மழைக்காலத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்க இதுல போக முடியுமா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ போன வருஷம் மழையில போனல்லா, அங்கன எப்படி இருந்துச்சு?"

"ஞாபகமில்ல" என்றேன்.

திட்டம் அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்தது. அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த மழையில் அவள் தனியாகவே அந்த மதகைப் பார்க்கப் போய்விட்டாள். சைக்கிளோடு சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே ஆறு தையல். மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்து, போனை நீட்டினாள். "பாத்தியா, கரையே இல்ல. நாந்தான் மழையில ஒரு தடவ போய்ப் பாத்திருக்கணும். என் தப்பு."

அவள் காலில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் போனை எடுத்து அந்தப் பழைய படத்தைக் காட்டினேன்.

படத்தைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். போனைத் திருப்பித் தந்தாள்.

"என் மேல அவ்வளவு கோவமாளா?"

"கோவமில்ல. பொறாம" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். முதலாளியிடம் சொல்வாள் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாள் காலை என் மேஜையில் ஒரு தாள் இருந்தது. மதகுக்கு மேலே கரையை உயர்த்தி ஒரு சின்னப் பாலம், பென்சிலில். "வரைஞ்சு தா" என்று மட்டும் எழுதியிருந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். அவ்வளவு கவனமாக நான் எதையும் வரைந்ததில்லை.

பாலத்தோடு சேர்த்து முதல் பகுதிக்கு அனுமதி கிடைத்தது. இப்போது கரையைப் பலப்படுத்தும் வேலை நடக்கிறது. பூவரசும் வேம்பும் வைக்கக் குழி தோண்டியாகிவிட்டது. மேற்பார்வைக்கு நாங்கள் இருவரும்தான் போகிறோம். பெண்கள் தூரத்திலேயே மதினி என்று கத்துகிறார்கள். எனக்கு இப்போதும் சுருக்கென்றுதான் இருக்கிறது. அது போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நான் கொடுக்கும் வரைபடத்தில் அவள் பார்க்காமலே கையெழுத்துப் போடுவாள். இப்போது ஒவ்வொரு தாளையும் விரல் வைத்து இரண்டு தடவை பார்க்கிறாள். அது நியாயம்தான். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.