மருந்து அடிக்கிறாங்க

காலை 9.40. ஈப்போவிலிருந்து வந்த ரயில் பட்டர்வொர்த்தில் நின்றதும், இறங்காமல் அப்படியே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். பையில் ஒரு கடிதம். லூனாஸ் பக்கம் தேனீ வளர்க்கும் சரோஜாவிடம் அதைக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், தேனீக் குடலில் வாழும் நுண்ணுயிர்களையும் ஒட்டுண்ணிகளையும் ஆராய அவர் வீட்டுக்குப் போனேன். தேனீக்களுக்கு அவர் மருந்து கொடுப்பதாக அறிக்கையில் எழுதினேன். அது பொய்.

வாடகைக் கார், கட்டணம் முப்பத்தைந்து வெள்ளி. ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும்.

"யாரு வீட்டுக்கு அங்கிள்?"

"தேனீ வளர்க்கிற அம்மா வீட்டுக்கு."

"ஐயோ, அந்த ஆன்ட்டியா? தேன்ல மருந்து கலக்குதுன்னு சொல்றாங்க. பசார்ல நல்ல தேன் இருக்குலா, நான் காட்டுறேன்."

யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை. சொன்னவன் நான்தான்.

10.30. லூனாஸைத் தாண்டினால் இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். முதுகில் தோம்புத் தொட்டியும் கையில் தெளிப்புக் குழாயுமாக நான்கு பேர் புல்லுக்குத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றினார்.

"மருந்து அடிக்கிறாங்க அங்கிள், மூக்கப் பொத்திக்குங்க."

அன்று சரோஜாவும் இதையேதான் சொன்னார். காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து, களைக்கு அடிப்பதும் மருந்து. தோட்டத்தில் பிறந்தவன் நான். என் அப்பா அந்தத் தோம்பைச் சுமந்தவர். என் படிவத்தில், 'மருந்து பயன்படுத்தப்பட்டதா?' என்று ஒரு கேள்வி. "ஆமா சார், மாசா மாசம் அடிக்கிறாங்க" என்றார் சரோஜா. யார் அடிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர் தேனீக்களின் குடலில் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்திருந்தன. அதற்கு மருந்து என்ற காரணம் வசதியாகப் பொருந்தியது. 'ஆம்' என்று குறித்தேன். போன மாதம் அன்றைய பேட்டியின் ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் அந்த 'அடிக்கிறாங்க' காதில் விழுந்தது: அடித்தது அவர் அல்ல, தோட்டத்தார்.

11.00. சரோஜா வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"என்ன சார், இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

அன்று எட்டுத் தேனீப் பெட்டிகள், இன்று இரண்டு. பெட்டி வாயில் பறக்க முடியாமல் ஊர்ந்த ஒரு தேனீயை எடுத்து, இடுக்கியால் வால் நுனியைப் பிடித்துக் குடலை இழுத்தேன். நல்ல குடல் வைக்கோல் நிறத்தில் இருக்கும். இது பாலாக வெளுத்து உப்பியிருந்தது. பெரும்பாலும், நல்ல நுண்ணுயிர்கள் குறையும்போது பெருகக்கூடிய ஒட்டுண்ணியின் அடையாளம்.

எல்லாவற்றையும் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"'சரோஜா மருந்து கொடுக்கவில்லை.' சரி. யாரு அடிச்சாங்கன்னு எங்க சார் இருக்கு?"

அதை வேண்டுமென்றே விட்டிருந்தேன். தோட்டத்தார் வழக்குப் போடுவார்களோ என்ற பயம். களைக்கொல்லி அந்த நுண்ணுயிர்களைக் குறைக்கக்கூடும், ஆனால் இங்கே குறைத்தது அதுதான் என்று நிரூபிக்க முடியாது என்று இழுத்தேன்.

"நிரூபிக்கச் சொன்னேனா? அன்னிக்கு நான் சொன்னத எழுதுங்க. அது போதும்."

பேனாவை எடுத்தேன். செம்மண் பாதையில் தோட்டத்து ஜீப் வரும் சத்தம். கை நின்றுவிட்டது.

"பயமா சார்? நீங்க சாயந்தரம் போயிருவீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

ஜீப் வாசலருகே மெதுவாகி, பிறகு போனது. 'தோட்டத்தார் மாதந்தோறும் களைக்கொல்லி அடிக்கிறார்கள் என்று சரோஜா சொன்னார். நான் அதைத் திரித்து எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பகல் 1.15. சரோஜாவின் தேனை வாங்க மறுத்த லூனாஸ் மளிகைக் கடையில் அந்தக் கடிதத்தை என்னைச் சத்தமாகப் படிக்க வைத்தார்.

"அன்னிக்கு ஒரு காகிதம், இன்னிக்கு ஒரு காகிதம்," என்றார் கடைக்காரர். "நாளைக்கு என்ன வரும் சார்?"

ஒரே ஒரு தேன் போத்தலை மட்டும் வாங்கி வைத்தார். அதை எல்லாரும் பார்க்கும்படி முன்னுக்கு நகர்த்திவிட்டு, என்னிடம் விடைபெறாமலே சரோஜா நடந்தார்.

ஈப்போவில் என் வேலியோரம் புல் மண்டிவிட்டது. "மருந்து அடிச்சிடலாமா சார்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் கேட்டார்.

"யாரு அடிப்பாங்க? என்ன மருந்து?" என்றேன். அவர் சிரித்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் சரோஜாவிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.