வெளியே வைத்த புள்ளி

என் தங்கைக்கு முதுகில்தான் கண் என்று எங்கள் வரிசை வீடுகளில் ஒரு பேச்சு இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். எதைப் பார்த்தாலும் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எட்டு வயதிலேயே நான் பெரிய மனுஷி.

அம்மா இறந்த மறு வருஷம் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாகச் சின்னம்மா வந்தாள். அம்மாவின் கூடப் பிறந்தவள், கிள்ளானில் இருந்தவள். தாலி ஏறிய பிறகும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிட்டாள், பழகிய வாய். வந்த அன்றே எனக்கு ஒரு சிவப்பு ரிப்பன் கொடுத்தாள், நான் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். தங்கை அப்படி இல்லை. அம்மா போனதிலிருந்தே பேச்சைக் குறைத்துக்கொண்டவள், சின்னம்மா வந்ததும் அதையும் நிறுத்திவிட்டாள். சின்னம்மா ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டாள். தலை வார வந்தால் எழுந்து போய், அம்மாவுக்கு விளக்கு ஏற்றி வைத்திருந்த மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தாயில்லாத வீட்டில் சின்னம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தான் அடுப்படியில் நின்றவள். ஆனால் கோலம் என்று வந்தால் எங்கள் வரிசையே நின்று பார்க்கும். அம்மா எப்போதும் போடும் கோலத்தில் ஒரு வினோதம் உண்டு. புள்ளிகளை எல்லாம் வளைத்துக் கோட்டை முடித்த பிறகு, வெளியே தள்ளி ஒற்றைப் புள்ளி ஒன்று வைப்பாள். அது எதற்கு என்று கேட்டால், கிள்ளானில் தனியாகக் கிடக்கிறாளே உங்கள் சின்னம்மா, அவளுக்கு என்பாள். தங்கையைத் தூங்கவைக்கும்போதும் அதே கோலத்தை விரலால் அவள் முதுகில் போடுவாள். எனக்குக் கூச்சம், தொடவே விடமாட்டேன்.

சின்னம்மா வந்த கொஞ்ச நாளில் எங்கள் பின்பக்கத் தாழ்வாரம் பள்ளிக்கூடமாகிவிட்டது. மத்தியானத்தில் வரிசைப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். சின்னம்மா எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு இடத்தில் உட்காரவே முடியாத ஒரு பையனுக்கு, இன்ஜின் சாம்பலை முற்றத்தில் பரப்பி, ஆள் உயரத்துக்கு எழுத்தைக் கீறி, அதன்மேல் நடக்கச் சொல்வாள். வாய் ஓயாத ஒரு பெண்ணுக்கு எல்லாவற்றையும் தாலாட்டு மெட்டில் போட்டாள். இன்னொருத்திக்கு ரப்பர் விதைகளை எழுத்தாக அடுக்கிக் காட்டினாள். எனக்கு மட்டும் எதுவும் வேண்டியதில்லை. மற்றவர்கள் செய்யும் தப்பைத் திருத்தித் திருத்தியே படித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, இது என்ன பள்ளிக்கூடமா, கூத்துக்கொட்டாயா என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். மாவு ஒன்றுதான் அக்கா, ஒருத்திக்கு இட்டிலி இறங்கும், ஒருத்திக்குத் தோசை இறங்கும் என்றாள் சின்னம்மா.

தங்கைக்கு எதுவும் இறங்கவில்லை. சாம்பலில் நடக்கவைத்தால் நின்றுவிடுவாள். விதையைக் கையில் கொடுத்தால் கீழே போட்டுவிடுவாள். பாட்டுக்குக் காதைப் பொத்திக்கொள்வாள். பிள்ளைக்கு மந்தம் தட்டிவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அப்பா ரயில் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தீபாவளிக்குள் இவள் நாலு எழுத்துப் படித்தால் இங்கே இருக்கட்டும், இல்லாவிட்டால் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், ஆயாக்கொட்டகையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அத்தையின் கை எப்படிப்பட்ட கை என்று எனக்குத் தெரியும். ஒரு பொங்கலுக்குப் போய்ப் பட்டுக்கொண்டு வந்தவள் நான். அன்றிலிருந்து சின்னம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம். பிள்ளைகள் வரவில்லை. சின்னம்மா என்னைத் தண்ணீர்க் குழாய்க்கு அனுப்பியிருந்தாள். குடத்தோடு திரும்பி வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. எத்தனையோ மாதமாகக் கேட்காத குரல் என்பதால் யாருடையது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆனா," என்றாள் தங்கை. பிறகு, "ஆவன்னா."

போய்ப் பார்த்தேன். விளக்கு மூலையில் சுவரைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னாள்:

"அம்மா வந்து முதுகுல எழுதுது."

வீட்டில் வெட்டிவேர் போட்ட தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. அது அம்மாவின் தலைவாசனை. அவள் போனபின் அந்த எண்ணெயை யாரும் காய்ச்சவில்லை.

அதற்குப் பிறகு அது அடிக்கடி நடந்தது. எப்போதும் நான் வெளியே போயிருக்கும் நேரத்தில்தான். தங்கைக்கு ஒவ்வொரு எழுத்தாக ஏறிக்கொண்டே வந்தது. கேட்டால் சிலேட்டில் எழுதிக் காட்டினாள், சோறும் சாப்பிட்டாள். பயத்தில் இளைத்தது நான்தான். ஒருநாள் யார்டுக்கு அப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோகச் சொன்னாள் சின்னம்மா. பாதி வழி போனவள், மனசு கேட்காமல் திரும்பி வந்து பலகைச் சுவரின் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

தங்கை கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அம்மாவின் பச்சைச் சேலை. எனக்கு முதுகைக் காட்டி, தலைமுடி அவிழ்ந்து கிடக்க, ஓர் உருவம் குந்தியிருந்தது. வளையல் சத்தம் இல்லை, மெட்டிச் சத்தம் இல்லை. ஒரு விரல் மட்டும் தங்கையின் முதுகில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

தேநீர்த் தூக்கை எங்கே போட்டேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவின் மடியில் போய் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் தாழ்வாரத்துக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. செத்தவள் வந்து உட்காரும் வீட்டுக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? எழுத்து வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தங்கையைப் பூசாரியிடம் கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. அந்தப் பூசாரி வேப்பிலையோடு பிரம்பும் வைத்திருப்பவர். பின் வரிசையில் ஒரு பெண்ணுக்குப் பேய் ஓட்டியதில், பேய் போனதோ இல்லையோ, அவள் பாயை விட்டு எழ வெகுநாள் ஆயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா வீட்டில் இருந்தார். சின்னம்மா அடுப்படி அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நிற்காமல் இருந்தால்தான் அதிசயம். கூடத்தில் தங்கை மட்டும் விளக்கு மூலையில் இருந்தாள். அப்பா, விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்டி வை என்றார். அம்மிக்குழவி நின்றது.

"பிள்ளைய அடிக்க விடாதீங்க மாமா," என்றாள் சின்னம்மா. "அது பேய் இல்ல. நான்தான்."

அவள் தலை நிமிராமல் சொல்லிக்கொண்டே போனாள். வளையலையும் மெட்டியையும் கழற்றி அரிசிப்பானையில் போட்டுவிட்டுப் போவாளாம். பெட்டியிலிருந்து அந்தச் சேலையை எடுத்துக் கட்டிக்கொள்வாளாம். தன் அக்கா தலைக்குப் போட்ட எண்ணெயை இரகசியமாகக் காய்ச்சினாளாம். பாட்டையும் விதையையும் சாம்பலையும் காட்டி அலுத்தபிறகு, இந்தப் பிள்ளை முன்பு எதைத்தான் ஆசையாக வாங்கிக்கொண்டது என்று யோசித்தபோது முதுகு ஞாபகம் வந்ததாம்.

"என் கையில எதையும் வாங்கமாட்டேங்குது மாமா. அதான் அக்கா கையாப் போனேன்."

அப்பா அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் மணிக்கட்டுவரை மிளகாய் விழுதில் சிவந்து கிடந்தன. எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. அடச்சே, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று சிரிப்புக்கூட வந்தது.

அப்போதுதான் கூடத்திலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"புள்ளி," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு புள்ளி."

சின்னம்மா தன் கைகளைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அப்பா எழுந்து நின்றார், ஆனால் நகரவில்லை.

"கோடு வளைஞ்சு போகுது," என்றது குரல். "சுத்திட்டு வருது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கூடத்து வாசலுக்குப் போனோம். யாரும் இல்லை. தங்கை கண்ணை மூடியபடி, சுண்ணக்கட்டியால் முன்னால் சிமென்டுத் தரையில் பார்க்காமலே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சட்டையின் முதுகுத் துணி மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. காற்று என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று விளக்குச் சுடர் ஆடாமல் நின்றதும் கூடவே ஞாபகம் வந்து தொலைக்கிறது.

கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. தங்கை கண்ணைத் திறந்தாள். தரையில் இருந்தது எழுத்து இல்லை. அம்மாவின் கோலம். சின்னம்மாவுக்குக் கோலம் போட வராது. வரிசையிலேயே அதற்குப் பேர்போன அசடு அவள்தான்.

எனக்குப் பயம் எல்லாம் ஒரு பக்கம் இருந்தாலும், தப்பைக் கண்டால் சும்மா இருக்க முடியாதே. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். வெளியே இருக்கவேண்டிய ஒற்றைப் புள்ளி அங்கே இல்லை. கோலத்துக்கு நட்டநடுவில், கோடு வளைத்துக்கொண்ட இடத்தில் அது இருந்தது.

"புள்ளியத் தப்பா வச்சிருக்கே. அது வெளியதானே இருக்கணும்," என்றேன்.

"நான் வைக்கல," என்றாள் தங்கை.

பாவாடை நுனியால் அதை அழித்து வெளியே வைக்கப்போனேன். சின்னம்மா பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி. அழிக்காதே என்றுகூடச் சொல்ல வாய் வராமல், என் கையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். தங்கை எழுந்து வந்தாள். அழுகிறவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்பக்கமாகப் போய், தன் சின்ன விரலால் அவள் முதுகில் ஏதோ எழுத ஆரம்பித்தாள்.

அப்பா பூசாரியிடம் போகவில்லை, தோட்டத்துக்கும் போகவில்லை. அதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில், சின்னம்மா பேயைக் கண்டு பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்தேன். மிளகாய்க் கையோடு பிடித்ததில் என் மணிக்கட்டு திகுதிகுவென்று எரிந்தது. ஒரு தப்புப் புள்ளிக்காக இவ்வளவு அமர்க்களமா என்று அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.