ஒரு ஸ்டார் வாங்கிய தோட்டா

போன மாதம் ஒரு சனிக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினேன். சுற்றிப் பார்க்க அல்ல. முகம் தெரியாத ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க.

என்ன தப்பு செய்தேன்? ஒரு தோட்டாவைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி பேசிவிட்டேன்.

கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் போர் விமானம் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். ஃப்ளைட் சிமுலேட்டர் என்று கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. பழைய போர் விமானத்தில் என்னென்ன ஸ்விட்ச் உண்டோ எல்லாம் அதிலும் இருக்கும். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை.

அந்த விமானத்தில் துப்பாக்கி உண்டு. சுடும்போது நாலைந்து தோட்டாவுக்கு ஒன்று வெளிச்சமாகப் போகும். அதற்கு ட்ரேசர் என்று பெயர். அடியில் மருந்து எரிந்துகொண்டே போவதால், குறி எந்தப் பக்கம் போகிறது என்று சுடுகிறவருக்குத் தெரியும்.

இந்த ட்ரேசர் திரையில் எப்படித் தெரிய வேண்டும்? இதை விளையாடும் எங்கள் கூட்டத்தில் இதுதான் தீராத சண்டை. இதற்காக நண்பர்கள் பிரிந்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்...

இந்த விளையாட்டில் இன்னொரு வசதி. கிராஃபிக்ஸ் தெரிந்தவர்கள் ஏதாவது ஒரு பகுதியைத் தாங்களே மாற்றிச் செய்து இலவசமாக இணையத்தில் போடலாம். அதை மோட் என்பார்கள். 'சில்வர் ஹில்' என்ற பெயரில் யாரோ ஒரு ட்ரேசர் மோட் போட்டிருந்தார். ஆசையாக இறக்கிப் பார்த்தேன்.

ஏமாற்றம். சுட்டால் நீளமான நெருப்புக் கோடு இல்லை. சின்னச் சின்னப் பொட்டுகள். அவையும் ஒரு அவசரமும் இல்லாமல் போகின்றன. விமானத்தைத் திருப்பிக்கொண்டே சுட்டால் பொட்டு வரிசை வளைகிறது. தோட்டா எங்கேயாவது வளையுமா?

எனக்குக் கோபம். 'கோமுகி' என்ற என் புனைபெயரில் ஆங்கிலத்தில் எழுதினேன் – 'இது ட்ரேசரா, மின்மினிப் பூச்சியா? நிஜ ட்ரேசரைப் பார்த்திராதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.' ஐந்துக்கு ஒரு ஸ்டார். ஸ்டாரே இல்லாமல் கொடுக்க அதில் வழி இல்லை, இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

மறுநாள் பதில் வந்தது. தமிழில்.

'சார், நீங்க பாத்துருக்கீங்களா? கோமுகின்னா நம்ம கோமுகி டேமா? நான் வெள்ளிமலை. எல்லாருமே நல்லால்லன்னுதான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை எடுத்துடறேன்.'

மூன்று தடவை படித்தேன். உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவரைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு, எங்கள் ஊர் பஸ் போகிற தூரத்தில் இருப்பவரைத் திட்டியிருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. அந்த முதல் கேள்வி இருக்கிறதே... நான் பார்த்திருக்கிறேனா? இல்லை. பழைய போர்க் காட்சிகளை செல்போனில் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"பேரு போடாம திட்டுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப பேரோட போயி நில்லுங்க. போன்ல சாரி சொல்றதெல்லாம் வேணாம்."

போனேன். கச்சிராப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஜன்னலோரம் சுகமான காற்று. எனக்கு முன் சீட்டுக்காரர் வெற்றிலை போட்டிருந்தார். ஒரு வளைவில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தபோது வெளியே எட்டித் துப்பினார். நேராகத்தான் துப்பினார், நான் பார்த்தேன். ஆனால் அது அப்படியே பின்பக்கமாக வளைந்து வந்து என் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவர் பாவம், துண்டையே எடுத்து நீட்டினார். துடைத்ததில் கறை இன்னும் கொஞ்சம் பரவியது.

வெள்ளிமலையில் 'சில்வர் ஹில்' என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் யார் என்று கேட்டேன். ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்றைக் காட்டினார்கள். கல்லூரி முடித்த பையன் யாராவது இருப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தது நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். நரைக்கத் தொடங்கிய முடி, நிமிர்ந்த முதுகு. ஒரு பெரியவருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆதார் அப்டேட்டா சார்?" என்றார் என்னைப் பார்த்து.

"இல்லைங்க... நான்தான் கோமுகி."

ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் சிரித்தார். என் சட்டையைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

"சார், ஒரு ஸ்டாரு குடுத்ததுக்கு யாரோ உங்கள சுட்டுட்டாப்ல இருக்குது."

அவர் பெயர் மல்லிகா. இதே மலையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் துணை ராணுவத்தில் சேர்ந்து, இருபது வருஷம் வடக்கே பல ஊர்களில் வேலை பார்த்து, முட்டி வலியால் ஓய்வு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். நிஜ ட்ரேசரைச் சுட்டே பழகியவரைப் பார்த்து, 'பார்த்திராதவர்கள் இறங்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன்.

தயார் செய்து கொண்டுபோன மன்னிப்பு வாக்கியம் மறந்துபோயிற்று. "தப்பா எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"அது இன்னா சார், உக்காருங்க" என்று டீ சொன்னார்.

"இந்த மோட் வேலைய எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ட்ரெய்னிங்ல மொத தடவ மெஷின்கன் குடுத்தாங்க. பொழுது எறங்குற நேரம். நான் சினிமாவுல வர்ற மாதிரி கோடு கோடா போவும்னு நெனச்சிகினு இருந்தேன். சுட்டா, கங்கு மாதிரி ஒவ்வொன்னா போவுது. எட்டத்துல போனதும் மெதக்கறாப்ல இருக்குது. ஒன்னு கல்லுல பட்டு மேல எகிறிப் போயி அப்பிடியே அணைஞ்சிச்சி. அவ்ளோ அழகு சார்."

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இத வூட்ல சொன்னா, 'பட்டாசு மாதிரியா?'ன்னு கேக்கறாங்க. இல்லம்பேன், அதுக்கு மேல சொல்லத் தெரியாது. வரையவும் வராது. இங்க வந்தப்புறம் வீடியோ பாத்து இந்த கிராஃபிக்ஸ் கத்துக்கினேன். எட்டு மாசம் ஆச்சி. எங்க வூட்டுக்காரர கூப்ட்டு ஒக்கார வச்சி காமிச்சேன். 'ஓ, இதுவா நீ பாத்தது'ன்னாரு. அன்னிக்குதான் சார் சொல்லி முடிச்ச மாதிரி இருந்துச்சி."

ஒருவர் இருபது வருஷமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சொன்னதற்குத்தான் நான் ஒரு ஸ்டார் கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் விளையாட்டுக்காரன் புத்தி விடுமா? "தோட்டா வளையுதே, அது மட்டும்..." என்று இழுத்தேன்.

"சட்டையில இன்னா கறை அது?"

சொன்னேன். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அப்புறம் இன்னா சார் கேள்வி? அவரு நேராத்தான் துப்புனாரு. பஸ்ஸு திரும்பிடுச்சி. உள்ள ஒக்காந்திருக்கற உங்களுக்கு வளைஞ்சி வந்துச்சி. காத்தும் கொஞ்சம் தள்ளியிருக்கும். ப்ளேன்லயும் அதேதான."

ஒரு சந்தேகம் தீர்ந்தது. சட்டை போனாலும் பரவாயில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. "வாங்க, மிச்சத்தையும் காமிக்கறேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தார். கீழே போகும் சாலையில் ஒரு வளைவில் நிறுத்தினார். பஸ் அங்கேயே நிற்கும் என்றார். வெயில் போய் லேசாக இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே மலைப்பாதை மடிந்து மடிந்து கிடக்க, பைக்குகள் விளக்குப் போட்டு ஏறிக்கொண்டிருந்தன. அத்தனை உயரத்திலிருந்து பார்க்க, மஞ்சள் பொட்டுகள் ஊர்வது போல இருந்தது.

"அந்த பைக்கு இன்னா ஸ்பீடுல வருது?"

"நாப்பது இருக்கும்."

"பாத்தா அப்பிடித் தெரியுதா?"

தெரியவில்லை. நகர்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். பொட்டு மெல்ல மெல்ல வந்தது... வளைவுக்குப் பின்னால் மறைந்தது... மறுபடி தெரிந்தது... திடீரென்று பெரிதாகி, சர்ரென்று எங்களைக் கடந்து போயே போய்விட்டது. நான் ஒரு அடி பின்வாங்கிவிட்டேன்.

"எதுத்தாப்ல நம்மள பாத்து வர்ற ட்ரேசரும் இப்பிடித்தான் சார். நமக்கு இல்லன்னு தோணும். அப்புறம் பக்கத்துல வந்துடும்." கீழே அடுத்த விளக்கைப் பார்த்தார். "ஒரே தடவதான் பாத்தேன். அது போதும்."

அவரே பேச்சை மாற்றினார்.

"இப்ப உங்க போன்ல போட்டோ எடுங்க. கைய ஆட்டிகினே எடுங்க."

ஆட்டிக்கொண்டே எடுத்தேன். திரையைப் பார்த்தால் ஒரு பொட்டுகூட இல்லை. எல்லாம் நீள நீளக் கோடு, அதுவும் நெளிநெளியாக. நான் செல்போனில் பார்த்த அதே போர்க் காட்சி.

"ப்ளேன்ல துப்பாக்கி பக்கத்துலயே கேமராவ மாட்டியிருப்பாங்க. சுடறப்ப அது இன்னா ஆட்டம் ஆடும்? அந்தப் படத்தப் பாத்துட்டுதான் எல்லாரும் விளையாட்டு செய்யறாங்க. நான் கண்ணால பாத்தத செஞ்சேன்."

இத்தனை வருஷமாக நான் நிஜம் என்று சண்டை போட்டதெல்லாம் ஒரு கேமராவின் நடுக்கம். ட்ரேசர் மட்டும்தானா? போகாத ஊர், பழகாத மனிதர்கள் என்று எத்தனை விஷயத்தில் இப்படிப் 'பார்த்திருக்கிறேன்' என்று அடித்துப் பேசியிருக்கிறேனோ...

"அந்த மோட எடுத்துடாதீங்க மேடம்" என்றேன். "ரெண்டையும் வைங்க. ஒரு ஸ்விட்ச் போட்டுடுங்க. ஒரு பக்கம் கண்ணு, இன்னொரு பக்கம் கேமரா. விளையாடறவங்க மாத்தி மாத்திப் பாக்கட்டும்."

"அப்ப பொய்யையும் நானே செய்யணுமா?"

"பொய் இல்லைங்க. அது கேமரா பார்த்தது. உங்களுது நீங்க பார்த்தது. பக்கத்துல பக்கத்துல வச்சாதான் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு உறைக்கும்."

அவர் பதில் சொல்லுமுன் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். ஸ்கூட்டர் மேல் சாய்ந்தபடி தன் போனில் அந்த விளக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டிக்கொண்டே.

புதன்கிழமை இரண்டும் இணையத்தில் வந்துவிட்டன. நான் என் ஒரு ஸ்டாரை அழித்துவிட்டு ஐந்து கொடுத்தேன். இந்த முறை சொந்தப் பெயரில், எந்த வளைவில் நின்று பாடம் படித்தேன் என்பது வரைக்கும் எழுதினேன். மற்றவர்களும் ஸ்விட்சை மாற்றிப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுத ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை, ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு முன்னாள் சிப்பாய் இரண்டே வரி போட்டிருந்தார். 'ஆமாம். இப்படித்தான் இருந்தது.'

மல்லிகா அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. 'ஞாயித்துக்கிழமை பறக்கலாமா சார்?'

பறந்தோம். அவர் வெள்ளிமலையில், நான் மாடி அறையில். மேகத்துக்கு மேலே நல்ல வெயில். அவர் விமானம் தூரத்தில் ஒரு புள்ளியாகத் திரும்பியது. அதிலிருந்து நாலைந்து கங்குகள் கிளம்பின. சாவகாசமாக வந்தன. இது நமக்கில்லை என்று நான் நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்... அடுத்த நொடி என் இடது இறக்கை இல்லை.

சத்தம் கேட்டு மனைவி மாடிக்கு வந்தாள்.

"இன்னா, ஜெயிச்சிட்டீங்களா?"

"இல்ல, சுட்டுட்டாங்க. கீழ விழுந்துகினு இருக்கேன்."

"அதுக்கா இப்பிடி சிரிக்கிறீங்க?"