விலா எலும்பு இல்லாத மூச்சு

சண்முகசுந்தரி முத்தையாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் டீச்சர். கணவர் செல்லப்பாண்டி உப்பு லாரி ஓட்டினவர். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியதும் அவருடைய நுரையீரல் நார் நாராக இறுக ஆரம்பித்தது. காரணம் டாக்டர்களுக்கே பிடிபடவில்லை. ஸ்டியரிங் பிடித்த மனுஷன் கட்டிலோடு ஆனார். மூக்கில் குழாய், தலைமாட்டில் ஓயாமல் உறுமும் ஆக்ஸிஜன் மெஷின். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சிலிண்டர்.

மறுநாள் பாடத்தை சுந்தரி அவரிடம் சொல்லிப் பார்ப்பாள். அவருக்கும் பொழுது போக வேண்டுமே. இருவாழ்விகள் பாடம் வந்தபோது அவர் வழக்கத்தைவிடக் கூர்ந்து கேட்டார்.

"தவளைக்கு விலா எலும்பே கிடையாதுங்க. நம்மள மாதிரி நெஞ்ச விரிச்சுக் காத்த இழுக்க முடியாது. மூக்கு வழியா வாயில நிறைச்சு, மூக்க அடைச்சுக்கிட்டு, தொண்டையால உள்ள தள்ளும். அதான் தாடைக்கடியில துடிச்சிக்கிட்டே இருக்கு."

"தண்ணிக்குள்ள இருக்கும்போது?"

"அங்க தோலு போதும். மெல்லிசுத் தோலு, அதுக்கடியில பூரா ரத்தக்குழாய். தண்ணியில கரைஞ்சிருக்க ஆக்ஸிஜன அதுவே எடுத்துக்கிடும். தோலு காஞ்சாத்தான் ஆபத்து. தலைப்பிரட்டையா இருக்கையில செவுளு, வளந்தா நுரையீரலு."

செல்லப்பாண்டி மூச்சு சேரும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஏளா, அதுக்கு எத்தனை வழி பாத்தியா. எனக்கு இருந்ததே ஒண்ணு."

சுந்தரி எழுந்தாள். கஞ்சி ஆற்றப் போவதுபோல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

2023 மார்கழி பிறந்தபோது பிடித்த மழை விடவே இல்லை. விடிந்து பார்த்தால் தெருவே ஆறாகிக் கிடந்தது. கரண்ட் போனது. மெஷின் அடங்கியதும் வீடு திடீரென்று அமைதியானது. சுந்தரி சிலிண்டரைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜெயசிங்கைக் கத்திக் கூப்பிட்டாள். அவர் வந்ததும் சிலிண்டரை மூடிவிட்டு, இருவரும் செல்லப்பாண்டியை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, ஜெயசிங் வீட்டு மாடிக்கு ஏற்றினார்கள். சிலிண்டரை ஜெயசிங் பிறகு போய்த் தோளில் சுமந்து வந்தார்.

"நான் மெயின் ரோட்டுக்கு நீந்திப் போய் ஒரு போட்டக் கூட்டிட்டு வாரேன், டீச்சர். நீங்க அண்ணாச்சிய விட்டு நகராதீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மாடிப்படியைத் தண்ணீர் தொட்ட இடத்தில் தவளைகள் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒன்று குதித்து, பின்னங்கால் விரல்களுக்கு இடையே இருந்த சவ்வை விரித்து ஓர் உதை உதைத்துப் போனது. இன்னொன்று அசையாமல் மிதந்தது.

"கண்ணும் மூக்கும் மட்டும் மேல," என்றார் செல்லப்பாண்டி. "நல்லாத்தான் படைச்சிருக்கான்."

அதற்குப் பிறகு பேச அவரிடம் காற்று இல்லை. சுந்தரி அவரை முன்னால் சாய்த்துத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். உதடு நீலம் பூத்தது. சிலிண்டர் முள் அடியில் போய் நின்ற பிறகும் மூக்குக் குழாயை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் மீனவர்கள் ஜெயசிங்கோடு போட்டில் வந்தார்கள். கைத்தாங்கலாக அவரை இறக்கிப் படுக்க வைத்தார்கள். அவர் விலாவில் கை வைத்தபடியே சுந்தரி உட்கார்ந்திருந்தாள். மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிந்தபோது அந்தக் கைக்கடியில் அசைவு நின்றது. போட்டுக்காரர்களிடம் அவள் சொல்லவில்லை. அவர்கள் இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் அவருடைய ஊருக்கு உடலைக் கொண்டுபோக வழியில்லை. பாதை அறுந்து கிடந்தது. ஜெயசிங்கும் போட்டுக்காரர்களும் நிற்க, டவுனிலேயே தகனம் முடிந்தது.

பாதை திறந்ததும் சுந்தரி ஊருக்குப் போனாள். நெல் நட்டிருந்த வயலெல்லாம் ஆற்று மணலுக்கு அடியில் கிடந்தது. மாமியார் பிச்சம்மாள் வாசலில் சேறு வாரிக்கொண்டிருந்தாள். மருமகளைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்தாள்.

"எம்பிள்ள என்னத் தேடுனானா?"

"பேச முடியல, அத்தை."

பிச்சம்மாள் மறுபடியும் குனிந்து சேற்றை வாரினாள். சுந்தரியும் ஒரு சட்டியை எடுத்துச் சேறு வார ஆரம்பித்தாள். வார வார உள்ளே இன்னும் இருந்தது.