ஆறு மணிச் சங்கும் என் அரைகுறை நோன்பும்

நான் இஸ்லாத்தின் பக்கம் போனது ஞானம் வந்து அல்ல, கஞ்சிக்காக. ஹட்டன் பஜாரில் மூட்டை தூக்குகிறவன் நான். கடை முதலாளி முஸ்லிம். நோன்பு மாதத்தில் நாலு மணி போலப் பள்ளிவாசலில் இருந்து ஒரு வாளி கஞ்சி வரும். நோன்பு பிடித்த கடைக்காரர்கள் அதை மூடி வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்கு மட்டும் அங்கேயே ஒரு கோப்பை. தண்ணீர்கூடக் குடிக்காமல் காய்ந்து கிடப்பவர்களின் முன்னால் மூன்றாவது தடவையும் கோப்பையை நீட்டியிருக்கிறேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

ஒரு நாள் வாளியை எடுத்துவர நானே போனேன். தொழுகை நடந்துகொண்டிருந்தது, வாசலில் நின்றேன். பிந்தி வந்த முதலாளி கடைசி வரிசையில், செருப்பு கழற்றுகிற ஓரத்தில் நின்றார். முன் வரிசையில் அவருடைய லொறி டிரைவர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். வரிசையில் நிற்கிற படிப்பு மட்டும்தான் எனக்குப் பூரணம். தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் விடியற்காலைப் பெரட்டில் நின்றிருக்கிறேன். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்த வரிசைக்கு எதிரே எப்போதும் ஒருவர் நின்று நம்மைப் பார்ப்பார். இங்கே முன்னால் நிற்கிற மௌலவியோ நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாம் பார்க்கிற பக்கமே பார்த்துக் குனிகிறார். கஞ்சி வாளியை மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த மௌலவிக்கு என் மகன் வயசுதான் இருக்கும். ஒரு வருஷம் முழுக்க அவரைக் கேள்வி கேட்டே கொன்றேன். இந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு குனிய முடியாதே என்றேன். முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தும் தொழலாம் என்றார். தோட்டத்தில் உழைத்த காலத்தில் கிடைக்காத நாற்காலி, மதம் மாறுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

அடுத்த நோன்பு வந்ததும் நானும் பிடித்துப் பார்ப்பது, பெருநாளைக்குள் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. மூட்டை எவ்வளவு கனமானாலும் தூக்குவேன், அவள் பார்வையைத் தூக்க என்னால் ஆகாது.

நோன்பு மாதத்தில் கடையை ஐந்து மணிக்கே அடைப்பதால் ஆறுக்குள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்கள் பள்ளத்துக்குப் பள்ளிவாசல் பாங்கு கேட்காது. பனி மூட்டத்தில் சூரியன் இருக்கிறதா விழுந்ததா என்றும் தெரியாது. ஆனால் தேயிலை ஃபேக்டரியில் ஆறு மணிக்குச் சங்கு ஊதும். பிறந்ததிலிருந்து எழுந்ததும் தின்றதும் அந்தச் சங்குக்குத்தான். அது ஊதினதும் விறகுக் கொட்டகைக்குள் நுழைந்து தேத்தண்ணி குடித்து நோன்பு திறந்தேன். பதினொரு நாள். கடைச் சுவரில் நேர அட்டவணை தொங்கியது உண்மைதான். எழுத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன் நான்.

மௌலவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிச் சிரிப்பை அடக்கினார்.

“அண்ணே, ஆறு மணிக்குப் பொழுது படல்லயே. இன்னும் இருவது நிமிஷம் ஈக்கி.”

பதினொரு நோன்பும் ஃபேக்டரிக்குப் போய்விட்டது. இன்னும் எனக்குக் கடமையில்லை, வருத்தப்பட வேண்டாம் என்று தேற்றிவிட்டு, வீட்டில் சொன்னேனா என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். மனைவிக்கு மறைத்துவிட்டு இங்கே வராதீர்கள் என்றார்.

அன்று சாயங்காலமே, சங்கை நம்பி ஏமாந்தது உட்பட எல்லாம் சொன்னேன். மனைவி கொழுந்து பறித்து வந்த களைப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“கொட்டாயில ஒளிஞ்சு குடிக்கவும் கசிப்புச் சாராயம்னு நெனச்சு கோப்பைய மோந்து பாத்தேன். வெறும் தேத்தண்ணி. அப்பத்தாங்க பயம் வந்துச்சு,” என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. லயத்துக்கு மேலே மலையில், தேயிலைக்கு நடுவே எங்கள் முதல் பிள்ளை கிடக்கிறது. ஒரு வயசு காணாதது. அதன் பக்கத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் என்பது எப்போதோ முடிவான விஷயம்.

“செத்தா ஒங்கள டவுன் பள்ளிவாசல்ல பொதைப்பாங்க. நானும் புள்ளையும் இங்க கெடப்போம். அங்க யாருகிட்டங்க ஜோக்கு சொல்லிக்கிட்டு கெடப்பீங்க?”

மறுநாள் அந்தக் கேள்வியை அப்படியே மௌலவியிடம் கொண்டுபோய் இறக்கினேன்.

“இதுக்கு லேசான பதில் எனக்கிட்ட இல்ல அண்ணே. ஈக்கின்னு செல்லினா அது பொய். அவசரப்படாதீங்க.”

பதில் இல்லை என்று சொன்ன அந்த வாய்க்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஆளைச் சேர்ப்பதுதான் நோக்கமென்றால் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம்.

அன்றைக்குச் சங்கு ஊதியும் நான் குடிக்கவில்லை. தேத்தண்ணியை மூடி வைத்துக்கொண்டு எல்லோரும் பார்க்க வாசலிலேயே உட்கார்ந்தேன். மனைவியைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே மலையில் இருந்து, பிள்ளை கிடக்கிற பக்கமிருந்து அவள் குரல் வந்தது. அந்த உச்சியில் நின்றால் டவுன் பாங்கு கேட்கும்.

“ஏங்க, சொல்லிட்டாங்க. குடிங்க.”

லயமே திரும்பிப் பார்த்தது. நான் மூடியைத் திறந்து, மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

மீதி நாளெல்லாம் அப்படித்தான். பகல் முழுக்க மலையில் நின்ற கால், எனக்காக இன்னொரு தடவை ஏறியது. கலிமா இன்னும் சொல்லவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் சொல்லப்போவதும் இல்லை. மௌலவி அவசரப்படுத்துவதில்லை, நாற்காலி இருக்கிறது.

அந்த முதல் நாள் மலையிறங்கி வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

“நாளைக்கு வரப்ப பேரீச்சம்பழம் வாங்கிட்டு வாங்க. ஏறி எறங்குறவளுக்கும் ரெண்டு.”