கிடாவின் புதுப்பல்

வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்காக விலங்குகளின் பற்களைப் பற்றி ஒரு சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளுக்காக ஆரம்பித்த வேலையில் நானே வாயைப் பிளந்துவிட்டேன். சுறாவுக்குப் பல் விழுந்தால் பின்வரிசைப் பல் முன்னால் வந்து நிற்குமாம், ஆயுள் முழுக்க. அணிலின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்துத் தேய்த்தால்தான் அதற்குப் பிழைப்பு. யானைக்குக் கடைவாய்ப்பல் ஆறு முறை முளைக்கும். மழை பெய்தால் எங்கள் விளாங்குடி வீட்டுச் சுவரில் ஊருமே நத்தை, அதன் நாக்கில் ஆயிரக்கணக்கான பற்கள்! அதைப் போய் இத்தனை நாளும் உப்புப் போட்டு விரட்டியிருக்கிறேன்.

ஸ்கெட்ச் பேனா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் மகள், "நம்ம கிடாவுக்கு எம்புட்டுப் பல்லும்மா?" என்றாள். அவளுக்கு ஏழு வயது. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்து, காற்றாகப் பேசிக்கொண்டு திரிந்தாள்.

அந்தக் கிடா அவளுக்காக வாங்கியதுதான். போன வருஷம் காய்ச்சலில் அவள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, பேரையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக நான் வேண்டிக்கொண்டேன். பிழைத்து வந்தாள். மேலூர்ச் சந்தையில் குட்டியாக வாங்கி வந்து கொல்லையில் கட்டினோம். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த கிடாவைத்தான் வெட்ட வேண்டும் என்பது எங்கள் பங்காளிகளின் வழக்கம். 'பல்லு போடணும்' என்பார்கள். சாமி கிடா என்று மட்டும் மகளிடம் சொல்லியிருந்தோம். வெட்டப்போவதை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அன்றைக்கு இரண்டு பேரும் கொல்லைக்குப் போய்க் கிடாவின் உதட்டை விலக்கிப் பார்த்தோம். கீழே சின்னச் சின்னதாக எட்டுப் பால்பற்கள். மேலே முன்பக்கம் ஒன்றுகூட இல்லை, கெட்டியான ஈறு மட்டும்தான். இதை வைத்துக்கொண்டா வேலிமுள்ளுக்கு நடுவில் இருக்கும் இலையையெல்லாம் பறித்துத் தின்கிறது! எனக்கு மெய்சிலிர்த்தது. மகளுக்கோ தலைகால் புரியவில்லை.

"என்னைய மாதிரியேம்மா! இதுக்கும் மேல பல்லு இல்ல!"

அதற்குப் பிறகு பள்ளிவிட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு நேரே கிடாவிடம்தான் போவாள். அதுவும் அவளிடம் மட்டும் வாயைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஊரிலிருந்து என் கணவரின் அண்ணன் போன் பண்ணினால், "பல்லு போட்டுருச்சா ஆத்தா?" என்று அவளைத்தான் கேட்பார். தன்னைப்போல் பெரியப்பாவுக்கும் பல்லென்றால் ஆசை என்று அவள் நினைத்துக்கொண்டாள். "இன்னும் இல்ல பெரியப்பா" என்று வருத்தமாகச் சொல்வாள். எனக்கு அப்பாடா என்றிருக்கும். வேண்டிக்கொண்டதும் நான்தான், அந்தப் பல் முளைக்கவே கூடாது என்று தவித்ததும் நான்தான். சாமியிடம் பேரம் பேச எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு சாயங்காலம் கொல்லையிலிருந்து அலறினாள். தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"முளைச்சிருச்சும்மா! ரெண்டு! வந்து பாரு!"

நடுப்பற்கள் இரண்டும் விழுந்த இடத்தில் புதுப்பற்கள் அகலமாகத் தலைகாட்டியிருந்தன. பக்கத்தில் இருந்த பால்பற்கள் அரிசி மாதிரி இருந்தன. வைக்கோலும் தவிடும் தின்று இந்த உடம்பு இப்படி ஒன்றைச் செய்திருக்கிறதே! அப்படி ஒரு வெள்ளை. பயத்தையும் மீறி, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அதற்குள் என் போனை எடுத்துப் பெரியப்பாவை அவளே கூப்பிட்டுவிட்டாள். "பல்லு போட்டுருச்சு பெரியப்பா! நான்தான் மொதல்ல பாத்தேன்!"

ஸ்பீக்கரில் அவர் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "அப்படியா ஆத்தா? அப்ப வெள்ளிக்கெழம வண்டியோட வாரேன்."

"பாக்க வாராராம்மா!" என்று குதித்தாள். பிறகு ஓடிப்போய்க் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தப் பற்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இனிமே இது விழவே விழாதுல்லம்மா?"

"விழாதுடி" என்றேன்.