படகு கடலில் இருந்தபோது சொன்ன பதில்கள்

முதலில் கைதான் மரத்தது. காரைக்கால் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு பாதியில் நின்றது. செத்தேன் என்றே நினைத்தேன்.

ஈ.சி.ஜி.யில் (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து பார்ப்பது) ஒரு குறையும் இல்லை. மனநல டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். பீதி நோய் (உடம்பில் கோளாறு இல்லாமலே உயிர் போவதுபோல் அச்சம் திடீரென்று தாக்குவது). மாத்திரை கொடுத்தார். மூச்சையும் மனதையும் பதறாமல் கவனிக்கப் பயிற்சியும் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து, மனம் எவ்வளவு பழகியிருக்கிறது என்று அளக்க ஒரு கேள்வித்தாளை எடுத்தார். "நீங்க சொல்றத வச்சுத்தாம்மா மார்க்கு. உள்ளத சொல்லுங்க."

"பயம் வந்தா பதறாம கவனிக்க முடியுதா?"

"முடியுதுங்க."

"கெட்ட நெனப்பு வந்தா அதுலயே மாட்டிக்கிறீங்களா?"

"இல்லவே இல்லங்க."

அத்தனையும் பொய். அன்று என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். ஆள் கடலில் இருக்கும்போது எங்கள் மண்டபத்தூரில் பெண்கள் வாயால் கெட்டது சொல்லமாட்டோம், சொன்னால் அது கடலில் இருப்பவரைத் தாக்கும் என்று நம்பிக்கை. காய்ச்சலில் கிடந்தாலும் நல்லாயிருக்கேன் என்போம். சுனாமியில் கடல் ஊருக்குள் புகுந்து போனபிறகு அந்த வழக்கம் இன்னும் இறுகிவிட்டது.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். மாத்திரையைக் குறைத்தார். அந்த வாரமே பஸ்சில் மறுபடி கை மரத்தது. கம்பியைப் பிடிக்க முடியாமல் கீழே சரிந்தேன். இனிமேல் வெளியே போகவே முடியாதோ, வீட்டுக்குள்ளேயே கிடந்து சாவேனோ என்று பயந்தேன்.

"மார்க்கு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் டாக்டரம்மா.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு கடல்ல இருந்தாருங்க," என்று விஷயத்தைச் சொன்னேன்.

கையிலெடுத்த கேள்வித்தாளைக் கீழே வைத்தார். "இன்னைக்கு?"

"இன்னைக்கும் கடல்லதாங்க."

"அப்ப அவரு கரைக்கு வந்தப்புறம் வாங்க. அதுவரைக்கும் மாத்திரைய பழைய அளவுலயே போடுங்க."

எழுந்தேன். கதவுவரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இப்போது வாயை மூடினால் இனி எப்போதும் மூடித்தான் இருப்பேன் என்று தோன்றியது. "இப்பவே கேளுங்க. எனக்கு பயமா இருக்குங்க. எப்பவும் பயமாவே இருக்கு."

டாக்டரம்மா தாளை எடுத்துக் கேட்கக் கேட்க உள்ளதையே சொன்னேன். வீட்டுக்காரர் உயிருக்கு நானே உலை வைத்துவிட்டதாகத் தோன்றியது. படகு வரும்வரை சோறு இறங்கவில்லை.

வந்தார். ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டே, "டாக்டரு என்ன சொன்னாங்க?" என்றார்.

"மார்க்கு கொறஞ்சுபோச்சு."

"நீ பள்ளிக்கூடத்துலயே அப்படித்தானே," என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

உங்களிடமும் அந்தத் தாளை நீட்டுவார்கள். யாரைக் காப்பாற்றப் பதில் சொல்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு எனக்கு இரண்டே பொழுதுதான்: படகு போன பொழுது, வந்த பொழுது. இப்போது நடுவில் என் மூச்சும் எனக்குக் கேட்கிறது. பயம் போய்விடவில்லை. அவர் கடலில் இருக்கும்போதே பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, இன்ஜின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.